அந்தப் பொண்ணு ஏன் ஒன்றை விட வேண்டும்?

மண்டல மீட் விவகாரம் உங்களுக்கெல்லாம் தெரியும், முழுக்கதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. தடகளமும் கபடியும் இரண்டும் ஆடுகிற கல்லூரிப் பொண்ணு, நீளம் தாண்டுதலில் கடைசி வாய்ப்புகளை விட்டுவிட்டுக் கபடி அரையிறுதிக்கு ஓடினாள் என்று தடகள அணியிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டார்கள். அது போதாதென்று நம்ம விளையாட்டு குரூப்பில் ஒரு பெரியவர் ‘ஏதாவது ஒரு ஆட்டத்தை விடச் சொல்லுங்கள், பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்று போட, கீழே வரிசையாகக் கைதட்டல். தட்டியவர்களில் பாதிப் பேர் விசில் ஊதிச் சம்பளம் வாங்குபவர்கள். வயிற்றெரிச்சலே அதுதான்.

இரண்டு போட்டியையும் ஒரே நேரத்துக்குப் போட்டது அவளா? ஒரே சமயத்தில் இரண்டு தடகளப் போட்டியில் இருப்பவருக்குத் தாண்டும் வரிசையை முன்பின் மாற்றித் தர விதியிலேயே இடம் உண்டு. கபடிக்காகவும் அப்படி விட்டுக்கொடுக்க இரண்டு பக்கமும் அரை நிமிடம் பேசியிருந்தால் போதும். யாரும் வாயைத் திறக்கவில்லை. தப்பு ஃபிக்ஸ்சரில், அதாவது போட்டி அட்டவணையில்; தண்டனை அவளுக்கு.

அமெரிக்க பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனைத் தெரியாத உடற்கல்விக்காரர் இருக்க முடியாது. 1938 மே மாதம், பசடேனா ஜூனியர் காலேஜ் மாணவனாக ஒரு ஊரில் நீளம் தாண்டுதலில் 25 அடி 6½ அங்குலம் தாண்டினார். மீட்டரில் 7.78. அப்படியே காரில் ஏறி அடுத்த ஊரில் அதே நாள் பேஸ்பால் ஆடினார். பிறகு யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் அமெரிக்க ஃபுட்பால், கூடைப்பந்து, தடகளம், பேஸ்பால் என நான்கிலும் கல்லூரி அணிக்கான ‘லெட்டர்’ வாங்கிய முதல் ஆள். 1940இல் தேசியக் கல்லூரி நீளம் தாண்டுதல் சாம்பியன். அதே வருடம் பேஸ்பாலில் அவருடைய பேட்டிங் சராசரி .097. பத்து முறை மட்டை பிடித்தால் ஒரு ஹிட்கூட முழுசாக இல்லை. நம்ம ஆட்கள் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? ‘தம்பி, பேஸ்பாலை விட்டுடு, உனக்கு அது வராது.’ 1947இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு இறங்கி அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம், 1949இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். எதில்? அந்த வராத பேஸ்பாலில். பத்தொன்பது வயசில் எது வரும் எது வராது என்று ஜாதகம் எழுதாதீர்கள் என்றுதான் கத்துகிறேன்.

‘காயம் வருமே சார்?’ வரும். எப்படி வருகிறது என்று பார்த்தீர்களா? கபடி கோச் ஒரு முழுப் பயிற்சி லோடு கொடுக்கிறார், தடகள கோச் இன்னொரு முழு லோடு கொடுக்கிறார், இரண்டையும் கூட்டிப் பார்க்க ஆள் இல்லை. முழு ஓட்டத்தோடு தாண்டுவது வாரம் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம், நடுவில் 48 மணி நேரமாவது இடைவெளி. தாண்டிய மறுநாள் கபடி விரிப்பில் கால் வேலை, கை டச் மட்டும், பிடி வேண்டாம். ரெய்டு போகிறவளை ஆன்கிள் ஹோல்டில், அதாவது கணுக்கால் பிடியில், பிடித்து இழுப்பது பெரும்பாலும் முன்னால் நீட்டும் காலை. அவள் பலகையில் ஊன்றித் தாண்டுவதும் அதே காலாக இருந்தால் டேப் கட்டாமல் விரிப்பில் இறக்கவே கூடாது. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி என்றாளா, அன்றைக்கு ஸ்பைக் ஷூவைத் தூக்கி உள்ளே வை. இதற்கு வேண்டியது இரண்டு கோச்சும் எழுதுகிற ஒரே நோட்டு. எத்தனை தாண்டல், எத்தனை ரெய்டு, எத்தனை மணி நேரத் தூக்கம். நாற்பது பக்க நோட்டு போதும்.

அமெரிக்க வீரர் போ ஜாக்சனை இழுப்பீர்கள் என்று தெரியும். ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால், பேஸ்பால், தடகளம், 1985இல் சிறந்த கல்லூரி ஃபுட்பால் ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் டிராஃபி, பிறகு ஃபுட்பால், பேஸ்பால் என இரண்டு தொழில்முறை லீகிலும் ஆடி, 1991இல் இடுப்பு போனது. போனது ஃபுட்பாலில் ஆளைப் பிடித்து வீழ்த்தும் டாக்கிளில். ஒரே ஆட்டம் ஆடுகிறவனை டாக்கிள் பண்ண மாட்டார்களா?

‘ஒலிம்பிக் போக வேண்டுமென்றால் ஒன்றுதான்’ என்பவர்களுக்கு: சரி, ஒரு வயசுக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேர்ந்தெடுப்பவர் யார்? நம்ம மெட்ராஸ் எம்.ஜே. கோபாலன் ஹாக்கியும் கிரிக்கெட்டும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936இல் ஹாக்கியை விட்டுக் கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து போனார், ஒரு டெஸ்டில்கூட இறக்கவில்லை. அதே கோடையில் ஹாக்கி அணி பெர்லினில் தங்கம் வாங்கியது. கணக்கு தப்பலாம். ஆனால் அது அவர் போட்ட கணக்கு. இங்கே போடுவது மேசைக்குப் பின்னால் இருக்கிறவர்கள்.

உண்மையைச் சொல்லட்டுமா? இதில் விளையாட்டே இல்லை. தடகளக் கோப்பைக்குப் புள்ளி குறைந்துவிட்டது, அவ்வளவுதான். அவளுக்கோ, பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிச் சான்றிதழ்தான் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்குக் கேட்கும் ஃபார்ம் 3. எந்த ஆட்டத்தில் கிடைத்தாலும் அது வீட்டுக்குச் சோறு. ஹாஸ்டல் மெஸ்ஸில் இரண்டு முட்டை கூட வை என்று எழுதிக் கொடுத்தால் ‘நிதி இல்லை’. அறிவுரைக்கு மட்டும் நிதி தட்டுப்பாடே வந்ததில்லை. ஒரு பையன் இதே மாதிரி கிரிக்கெட்டும் வாலிபாலும் ஆடினால் ‘ஆல்ரவுண்டர்’ என்று ஃப்ளெக்ஸ் வைப்பீர்கள். பொண்ணு என்றதும் ‘கவனம் சிதறுது’. சொன்னால் கோபம் வரும், வரட்டும்.

கமெண்ட்டில் பாடம் எடுக்க வருகிறவர்கள் அன்றைய ஃபிக்ஸ்சர் தாளை முதலில் போட்டோ எடுத்துப் போடுங்கள். அதில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம்.