இருவது குதிரையும் ஒரே கப்பல்லயா, பங்காளி?

ஏனுங்க, கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு இருவது மாடு போகோணும்னா, அத்தனையவும் ஒரே வண்டில அடைச்சு, தொணைக்கு ஒரு ஆளில்லாம, எங்க இறக்கறதுன்னும் கேக்காம யாராவது தாட்டி உடுவாங்களா? மாட்டுக்கு இருக்கற மரியாதை ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ரெண்டுங்கற கம்ப்யூட்டர் போர் கேம்ல நைட்டுக்கு, அதான் குதிரை வீரனுக்கு, இல்லீங்க. பூராம் தீவா இருக்கற ஐலண்ட்ஸ் மேப் போட்டாப் போதும், டீம்ல ஒரு பங்காளி இருவது நைட்டையும் ஒரே டிரான்ஸ்போர்ட்ல, அதான் ஆளு ஏத்தற கப்பல்ல, ஏத்தி, எதிரி கப்பல் கட்டற டாக் வாசல் வழியாவே ஓட்டிட்டுப் போறாரு. நடுக்கடல்ல நெருப்பக் கக்கற ஃபயர் ஷிப் ரெண்டு வருது. அவ்வளவுதான். கப்பல் முழுகுனா உள்ள இருக்கற அத்தனை பேரும் காலி. நீந்திக் கரையேறற சோலியே இந்த கேம்ல கெடையாது.

கணக்கப் பாருங்க. ஒரு நைட்டுக்கு 60 உணவு, 75 தங்கம். இருவதுக்கு 1,200 உணவு, 1,500 தங்கம். அதைச் சொமக்கற கப்பலு வெறும் 125 மரம். அதக் கவுக்கற ஃபயர் ஷிப் ஒண்ணு 75 மரம், 45 தங்கம். இன்னொரு 125 மரம் போட்டுப் படையப் பாதி பாதியாப் பிரிச்சிருந்தா ஒண்ணு போனாலும் பத்தாவது மிஞ்சியிருக்கும். மரத்துக்குக் கஞ்சம், தங்கத்துக்கு வள்ளல்!

இது கடைசிக் கட்டமான இம்பீரியல் ஏஜ் கதை. அதுக்கு முந்துன கேசில் ஏஜ்ல நடக்கறது இதவிடக் கூத்து. டிரான்ஸ்போர்ட்ல ஆரம்பத்துல அஞ்சே பேருக்குத்தான் எடம். டாக்ல கேரீனிங்ங்கற மேம்பாட்டப் பண்ணுனாப் பத்து; 250 உணவு, 150 தங்கம். இம்பீரியல் ஏறி 600 உணவு, 400 தங்கம் குடுத்து ட்ரை டாக்ங்கற அடுத்த மேம்பாட்டப் பண்ணுனாத்தான் இருவது. இதெல்லாம் யாரு பாக்கறா? பதினஞ்சு ஆளயும் மொத்தமா வளைச்சுப் பிடிச்சு கப்பல் மேல ஒரு ரைட் கிளிக். அஞ்சு பேரு உள்ள போயிருவாங்க, மிச்சம் பத்துப் பேரு ஒறம்பரைய வழியனுப்ப வந்தவங்க மாதிரி கரைல நிப்பாங்க. கப்பலச் சொடுக்குனா 5/5ன்னு கண்ணுக்கு நேராக் காட்டுது. அதப் பாக்காம ஓட்டிட்டுப் போயி, அக்கரைல அஞ்சு பேர இறக்கிட்டு, "மத்தவனுக எங்க போனானுக"ன்னு சாட்ல நம்மளக் கேக்கறாரு.

கேம் மேலயும் எனக்குக் கடுப்பு இருக்குது. போர் யானைக்கும் ஒரு எடம், விறகு வெட்டறவனுக்கும் அதே ஒரு எடமாமா! நெச உலகத்துல 1201ல சிலுவைப்போர்க்காரங்க வெனிஸ்கூடக் கப்பலுக்கு ஒப்பந்தம் போட்டப்ப 4,500 குதிரை, 4,500 வீரர், 9,000 உதவியாளு, 20,000 காலாள்னு தனித்தனியாத்தான் எண்ணிப் பேசுனாங்க. கேம்ல எல்லாம் ஒரே டிக்கெட்டு. சரி, அப்படித்தான்னு ஆனப்பறம் அந்த ஓட்டையயாவது நாம பயன்படுத்தோணுமல்ல? யானையவும், கல்லெறியற எந்திரமான ட்ரெபுஷெட்டையும் ஏத்துங்கன்னா பங்காளி சாதாக் காலாளான மிலிஷியாவ ஏத்தறாரு. ட்ரெபுஷெட்ட மடிச்சாத்தான் உள்ள போகும், விரிச்சு வெச்சது ஏறாது. அதையும் ஒவ்வொரு ஆட்டத்துலயும் சொல்லோணும்.

ஏத்தறதாவது போகட்டும், இறக்கறதுதான் பெருங்கொடுமை. புத்தியுள்ள எதிரி கரையோரம் பூராம் வீடும் வேலியுமாக் கட்டி அடைச்சிருப்பான். அன்லோட் குடுத்தா இறக்க எடமில்லாம கப்பலு கரைய ஒட்டியே அல்லாடும், கேசில் அம்பு மேல விழுந்துட்டே இருக்கும். கேசில் அம்பு எட்டற தூரம் 8 கட்டம், அம்பு வித்தையெல்லாம் முடிச்சிருந்தா 11. ட்ரெபுஷெட்டுக்கு 16, பீரங்கிக் கப்பலான கேனன் கேலியனுக்கு 13. கெமிஸ்ட்ரிங்கற ஆராய்ச்சிய முடிச்சு நாலு கேனன் கேலியன் கொண்டு வந்து அந்த கேசில மொதல்ல இடிங்கன்னா, அதுக்குப் பொறுமை இல்ல. குறைஞ்சது ஒரு காலி டிரான்ஸ்போர்ட்ட முன்னால உட்டு எங்க அம்பு விழுகுது, எங்க கரை தொறந்திருக்குதுன்னாவது பாக்கலாமல்ல? எதிரியோட கப்பலெல்லாம் அது பின்னாடி ஓடும், நெச கப்பலு மறுபக்கம் போயி ஒதுங்கிரும். 125 மரத்துக்கு இதவிட லாவமான சோலி உண்டுங்களா?

"நம்ம ஊருல கடலே இல்லீங்க, பழக்கமில்ல"ன்னு ஒரு சமாதானம் வேற. கடல் இல்லாட்டி என்ன, காவேரி இல்லையா? கொடுமுடிப் பக்கம் பரிசல்ல ஆளு எச்சா ஏறுனாப் பரிசல்காரரு சத்தம் போட்டு இறக்கி உட்டுருவாரு. அக்கரைல எங்க ஒதுக்கோணும்னு மொதல்லயே பாத்து வெச்சு, தண்ணி இழுக்கற அளவுக்கு மேலாலயே துடுப்பப் போடுவாரு. இந்த ரெண்டு விசியம் போதுமுங்க.

2022ல இந்த கேமுக்கு டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியாங்கற கூடுதல் தொகுப்பு வந்தப்பறம் எல்லாருக்கும் அதுல இருக்கற திராவிடர்தான் வேணும். சோழர் மாதிரிக் கடல் தாண்டப் போறாங்களாம். திராவிடர்கிட்ட நைட்டே கெடையாதுங்கறது குதிரை லாயமான ஸ்டேபிளத் தொறந்து பாத்தப்பறந்தான் தெரியுது. ஒவ்வொரு ஏஜ் ஏறறப்பவும் 200 மரம் சும்மா வருது, அதுல ஒரு டிரான்ஸ்போர்ட் போட்டாலும் 75 மிஞ்சும். அதையும் பண்ணைக்குத்தான் கொட்டறாங்க. ராசேந்திர சோழன் 1025ல கடாரத்து மேல படை உட்டதப் பத்தி மெய்க்கீர்த்தி என்ன சொல்லுது? "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி". பலகலமுங்க. ஒரு கலம் இல்ல.

மொத நடைல படையவே ஏத்தப்படாது. எட்டுப் பத்து கேலியன் போர்க்கப்பலு முன்னால போயித் தண்ணியச் சுத்தம் பண்ணோணும். பின்னால ரெண்டு டிரான்ஸ்போர்ட்: ஒண்ணுல கட்டட வேலை செய்யற அஞ்சு வில்லேஜரு, இன்னொண்ணுல அவங்களக் காக்க ஈட்டிக்காரங்க. கேசில் அம்பு எட்டாத மூலைல இறக்குனதும் 175 மரத்துக்குக் காலாள் உருவாக்கற பேரக்ஸ் ஒண்ணு, கல்லு இருந்தா 650 போட்டு ஒரு கேசில். அப்பறம் படை அங்கயே பொறக்கும், கப்பலுக்குச் சோலியே இல்ல. இறங்குன வில்லேஜர உடனே வேலைக்கு உடோணும், இல்லாட்டிச் செலையாட்ட நின்னே சாவானுக.

அடுத்த ஆட்டத்துல கேரீனிங் முடியாம ஒருத்தரும் கரைய உட்டு நகரப்படாது. நகந்து, முழுகி, தங்கம் தாங்கன்னு என்ற பக்கம் வந்தீங்கன்னா, தங்கம் அனுப்பறதுக்கு வேணுங்கற மார்க்கெட்டு கட்டியிருந்தாலும் குடுக்கறதா இல்ல, பங்காளி.