கோழி வலை கட்டினால் மட்டும் போதுமா?

"கூட்டைச் சுற்றிக் கோழி வலை கட்டிவிட்டால் எந்த விலங்கும் நெருங்காது" என்று ஒரு தகவல் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல்முறை கோழி வளர்ப்பவர்கள் இதை நம்பிவிட வேண்டாம்.

அறுகோணக் கண் வைத்த அந்த மெல்லிய வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். நாய் பல்லால் கவ்வி இழுத்தால் முறுக்கிய கம்பி பிரிந்துவிடும். எலியும் பாம்பும் அந்தக் கண் வழியாகவே நுழையும்.

சரி, வேறு என்ன போடுவது? அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகள் சேரும் இடங்களில் பற்றவைத்த கெட்டியான கம்பி வலை. அதையும் சின்ன ஆணியால் அடிக்காமல், வாஷர் போட்டுத் திருகாணியால் முடுக்குங்கள். அப்புறம், மண்ணைத் தோண்டி வருகிற விலங்குகள். வலையை ஒரு அடி ஆழம் புதைக்கலாம். இல்லையென்றால் வெளிப்பக்கம் தரையிலேயே 2 அடி விரித்து மண் போட்டு மூடலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது, முதுகு பிழைக்கும். விலங்கு வேலியடியில் தோண்ட ஆரம்பித்ததுமே அதன் காலில் கம்பி தட்டும்.

பயந்துபோய்க் கூட்டைப் பலகையால் முழுக்க அடைத்துவிடாதீர்கள். எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா வாயு உள்ளேயே தங்கிவிடும். கோழிகள் அடையும் கழிக்கு மேலே, கூரையை ஒட்டிக் காற்றுத் திறப்பு வேண்டும். அதற்கும் இதே வெல்டு மெஷ்தான்.