34 இடங்களில் எதை வைப்பது?

அல்சூர் சித்தி நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அனுப்பி, "கேன்சருக்கு ஊசி வந்துடுச்சாமே, நிஜமாடா?" என்று கேட்டார். சித்தப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு வரியில் பதில் போட மனம் வரவில்லை.

செய்தி பொய்யில்லை. 157 மெலனோமா நோயாளிகளிடம் நடந்த பரிசோதனையில், இம்யூனோதெரபி மருந்தோடு (உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் திருப்புவது) மாடர்னா நிறுவனத்தின் தடுப்பூசியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மருந்தை மட்டும் பெற்றவர்களைவிட, நோய் திரும்பும் அல்லது உயிர் போகும் அபாயம் 44 சதவீதம் குறைந்தது. ஆனால் அது தோல் புற்றுநோய். சித்தப்பாவுக்கு நாளைக்கே கிடைக்கிற விஷயமில்லை.

அந்த ஊசி ஆளுக்கு ஆள் வேறு. எதைத் தாக்க வேண்டும் என்று எதிர்ப்புச் சக்திக்குக் காட்டும் இலக்குகள், ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 34. பெங்களூரில் மரபணுத் தரவு பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த 34 இடங்களில் எதை வைப்பது என்பதுதான் பெரிய கஷ்டம். கட்டியின் டிஎன்ஏவையும் ரத்தத்தின் டிஎன்ஏவையும் ஒப்பிட்டால், கட்டியில் மட்டும் உள்ள பிழைகள் நீளமான பட்டியலாக வரும். பிழையால் மாறிய புரதத்துண்டு, பெரும்பாலும் ஒன்பது அமினோ அமில நீளம், செல்லுக்குள் இருப்பதை வெளியே காட்டும் எச்எல்ஏ என்ற மூலக்கூறில், நோயாளிக்கு உள்ள வகையில் ஒட்டி, செல்லின் வெளியே வந்து நிற்க வேண்டும். அப்போதுதான் டி செல் என்ற எதிர்ப்பு அணுவின் கண்ணில் படும். ஒட்டுமா என்பதை மென்பொருள் கணித்துச் சொல்கிறது. பல ஆய்வுக்குழுக்கள் இப்படிக் கணித்தவற்றில் 608 துண்டுகளைச் சோதித்து 2020இல் முடிவு வெளியிட்டார்கள். டி செல்லைத் தட்டி எழுப்பியவை வெறும் 37.

எனக்கு ஆதங்கம் இங்கேதான். எச்எல்ஏ வகைகள் மக்களுக்கு மக்கள் மாறும். மென்பொருள் படித்த பாடமோ பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவு. பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுப்பைப் படித்த திட்டத்தை இந்த ஊரில் இருந்துதான் ஒருங்கிணைத்தார்கள். நல்ல தொடக்கம். ஆனால் அது மட்டும் போதாது. நம்மவர்களின் எச்எல்ஏவில் எந்தத் துண்டு நிஜமாகவே ஒட்டுகிறது என்று ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

அப்புறம் பயாப்ஸி பிளாக், அதாவது கட்டியின் திசுவை மெழுகில் பதித்து வைத்த துண்டு. போன மாதம் அப்படி ஒரு பிளாக்கின் டிஎன்ஏ ஃபைலில் எங்கு பார்த்தாலும் சி என்ற டிஎன்ஏ எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் டி என்ற எழுத்து. திசு, கெடாமல் வைக்கும் பார்மலின் திரவத்தில் அதிக நேரம் ஊறினால் இப்படிப் பொய்ப் பிழைகள் முளைக்கும். அதில் ஒன்று தேர்வாகிவிட்டால் 34இல் ஓரிடம் வீண்.

சித்தப்பாவின் பிளாக் எங்கே என்று கேட்டேன். பீரோவில், ரேஷன் கார்டோடு ஒரே கவரில் இருக்கிறதாம். வெயில் படாத இடத்தில் தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.