டச்சுக் கம்பெனிக் கடிதம் வீட்டிலேயே கிடைக்கிறது, நம் தாலுகா ரெஜிஸ்டர் கிடைக்கவில்லை

வேலூரில் பாலாற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் மணல், தோல் கழிவு, வறண்ட ஆறு என்பதோடு முடிந்துவிடுகிறது. அதே ஆறு வயலூர்ப் பக்கம் கடலில் சேரும் இடத்தில் வெளிநாட்டு வணிகம் நடந்த ஊர் ஒன்று இருந்தது. வசவசமுத்திரத்தில் 1970 வாக்கில் தொல்லியல் துறை தோண்டியபோது உறைகிணறுகளும் ரோமானிய ஆம்போரா ஜாடித் துண்டுகளும் கிடைத்தன. அந்த ஊருக்கு மண்தான் சாட்சி, காகிதம் கிடையாது.

சற்று வடக்கே சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி உட்கார்ந்த டச்சுக்காரர்கள் காகிதத்தை விட்டுப் போனார்கள். துணி வாங்கிய கணக்கு, கப்பல் சரக்கு, மேலிடத்துக்குக் கடிதம் என்று எழுதித் தள்ளிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அது. 1602ல் தொடங்கிய அந்தக் கம்பெனியின் ஆவணங்கள் ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப் டவுன், நம் எழும்பூர் ஆவணக் காப்பகம் என்று பிரிந்து கிடந்தாலும் சுமார் 2.5 கோடிப் பக்கங்கள் இன்றும் இருக்கின்றன. 2003ல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எழும்பூரில் இருப்பதில் பெரும்பகுதி கொச்சியிலிருந்து வந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து நெதர்லாந்துக்குப் போன கடிதங்களை ஹேக் காப்பகம் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறது. காட்பாடியில் உட்கார்ந்தபடி, காசு கொடுக்காமல் பார்க்கலாம்.

என் ஆதங்கமே இதுதான். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய அந்நியக் கம்பெனியின் கணக்கு கைக்கு எட்டுகிறது. நூறு வருஷத்து நம் ஊர்க் கணக்கு எட்டவில்லை.

போன வருஷம் எங்கள் ஏரிக்கு வரும் கால்வாய் எந்தெந்த சர்வே நம்பர் வழியாகப் போகிறது என்று பார்க்க, பழைய எஸ்.எல்.ஆர். (செட்டில்மென்ட் நிலப் பதிவேடு) கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். ஊழியர் தங்கமான மனுஷன், தானே ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டை இறக்கினார். துணியை அவிழ்த்ததும் ஓரமெல்லாம் பொடியாக மேஜையில் கொட்டியது. ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்ற எழுத்து பளிச்சென்று இருக்கிறது. அதே வரியில் விஸ்தீரணம் எழுதியிருக்க வேண்டிய இடத்தைப் பூச்சி தின்றுவிட்டது. “தொட்டாலே உதிருது சார், ஜெராக்ஸ் எல்லாம் போட முடியாது” என்றார். வாய்க்காலின் விஸ்தீரணம் எழுத்தில் இல்லையென்றால், வரப்பைத் தள்ளித் தள்ளிப் போடுகிறவரிடம் எதைக் காட்டிக் கேட்பது?

வாலாஜா அருகே 1850களில் கட்டிய பாலாறு அணைக்கட்டை நம்பித்தான் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி ஏரிகளுக்குக் கால்வாய் ஓடுகிறது. இந்த ஏரிப் பாசனத்தின் உரிமையெல்லாம் எழுத்தில்தான் நிற்கிறது. பாலாற்றின் குறுக்கே ஆந்திரா திட்டமிட்ட கணேசபுரம் தடுப்பணைக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போன தமிழ்நாடு கையில் பிடித்திருப்பதும் 1892ல் சென்னை மாகாணமும் மைசூரும் போட்ட ஒப்பந்தத்தைத்தான். பழைய காகிதம் குப்பை என்று நினைக்கிறவர்களுக்கு இதைவிட வேறென்ன சொல்ல?

வட ஆற்காட்டுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. 1911 வரை மாவட்டத் தலைமையிடம் சித்தூர். 1989ல் மாவட்டம் இரண்டானது, 2019ல் வேலூர் மூன்றானது. பங்கு பிரிக்கும்போதெல்லாம் கோப்பும் பிரியும். ஒரே ஆற்றின் கணக்கைப் பார்க்க எத்தனை கலெக்டர் அலுவலகம் ஏறி இறங்குவது? பழைய ரெஜிஸ்டர்களை ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை மாவட்ட மைய நூலகத்தில் பொதுமக்கள் பார்க்க வைக்க வேண்டும். முதலில் வாலாஜாபேட்டையிலிருந்து தொடங்கலாம். 1866லேயே நகராட்சி ஆன ஊர் அது. அதன் பழைய தீர்மானப் புத்தகங்களில் மிச்சம் இருப்பவற்றை இனியும் காத்திருக்க விடக்கூடாது.

உங்கள் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில் பழைய கிரயப் பத்திரமோ, பட்டாவோ, தறிக் கணக்கு நோட்டோ இருந்தால் தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள், பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் ஒட்ட வேண்டாம். பகல் வெளிச்சத்தில் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படமெடுத்துவிட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள்.