அடல் சுரங்கப்பாதையும் ரோதாங் கணவாயும் ஒன்றல்ல

அடல் சுரங்கப்பாதை வந்துவிட்டதால் டிசம்பர், ஜனவரியிலும் இமாச்சலப் பிரதேசத்தின் மணாலியிலிருந்து ரோதாங் கணவாய்க்குக் காரில் போய்ப் பனி பார்க்கலாம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை நம்பி அறை பதிவு செய்துவிடக் கூடாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தச் சுரங்கம் கணவாய்க்கு ஏறிப் போவதில்லை, மலைக்கு அடியில் போகிறது. நீளம் 9.02 கி.மீ. அதன் இரு வாயில்களும் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. கணவாயோ 3,978 மீட்டர். கணவாய்க்கு ஏறுவது பழைய சாலைதான். குளிர்காலத்தில் அது பனியில் மூடிக்கிடக்கும், பொதுவாக மே மாதத்தை ஒட்டித்தான் திறப்பார்கள். திறந்த பிறகும் சுற்றுலா வண்டிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும்.

சந்தேகம் இருந்தால் 2020 அக்டோபர் 3 திறப்பு விழாவை ஒட்டி மத்திய அரசு வெளியிட்ட செய்திக்குறிப்பைப் பாருங்கள், வாயில்களின் உயரம் அதில் இருக்கிறது. வரைபடத்தில் மணாலியிலிருந்து, சுரங்கத்தின் மறுபக்கம் இருக்கும் சிஸ்ஸு ஊருக்கு வழி போட்டாலே போதும், கணவாய் தனியே ஒதுங்கி நிற்பது தெரிந்துவிடும். அனுமதி விவரம் குல்லு மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் கிடைக்கும்.

சரி, குளிர்காலத்தில் பனியே பார்க்க முடியாதா? முடியும். சுரங்கத்தைத் தாண்டினால் வரும் சிஸ்ஸு பக்கம் நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் கடும் பனிப்பொழிவு நாட்களில் சுரங்கத்துக்குப் போகும் வழியையும் நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் அன்று காலை சிஸ்ஸு இருக்கும் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டக் காவல்துறையின் சாலை அறிவிப்பைப் பார்த்துவிட்டு வண்டி எடுங்கள்.