திரவம் குளிர்ந்தால் பிரஷர் இறங்காது

"டயாலிசிஸ் திரவத்தைக் குளிர வைத்தால் பிரஷர் படுத்துவிடும், வேலூர்க்காரர்கள் சூடாகவே வைக்கச் சொல்லுங்கள்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். விஷயம் நேர் தலைகீழ், அண்ணே. இந்தத் திரவம், மெஷினில் ரத்தத்தைச் சுத்தப்படுத்த ஓடுவது.

டயாலிசிஸ் நடக்கும்போது உடம்பில் சூடு தங்கும். அதை வெளியேற்றத் தோலிலுள்ள ரத்தக் குழாய்கள் விரியும். ஏற்கெனவே உடம்பில் தேங்கிய நீரை மெஷின் எடுத்துக்கொண்டிருக்கும், அதோடு இதுவும் சேர்ந்தால் பிரஷர் சரியும். கொட்டாவி, வியர்வை, கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் அப்போது வரலாம். திரவத்தை 37 டிகிரியிலிருந்து 36, 35.5 என்று இறக்கினால் குழாய்கள் சுருங்கும், நார்அட்ரினலின் ஹார்மோனும் கூடலாம், பிரஷர் தாக்குப்பிடிக்கும். வெளியே காட்பாடி ரோட்டில் என்ன வெயில் அடித்தாலும் சரி.

அதற்காக இது சர்வரோக நிவாரணி இல்லை. கனடாவின் ஒன்டாரியோவில் 84 மையங்களில் நடந்து 2022-ல் வெளியான மைடெம்ப் ஆய்வில், எல்லோருக்கும் திரவத்தைக் குளிர்வித்ததால் மாரடைப்போ இதய மரணமோ குறையவில்லை. குளிர்கிறது என்று சொன்னவர்கள்தான் கூடினார்கள். அடிக்கடி பிரஷர் சரிகிறவர்களுக்குத்தான் டாக்டர்கள் இதை யோசிப்பார்கள். குளிர் தாங்காதவர் போர்வை கொண்டுபோகலாம். டிகிரியை டாக்டரிடம் விட்டுவிட்டு, இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே உடம்பில் நீர் சேர்ந்து எடை எத்தனை கிலோ ஏறுகிறது என்று பாருங்கள்.