மைனஸ் பத்துக்கு ஒரு சென்ட்

திருகோணமலை, திருக்கடலூர். ஆவணி மாதம், பகல் 11 மணி. தென்னோலைகூட அசையாத புழுக்கம். வேலிக்கு அந்தப் பக்கம் மரியநாதன் அண்ணை வலை பொத்திக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கம் தவமணி அக்கா, கையில் ஒரு சின்னப் பெட்டி. நடுவில் நான் தேத்தண்ணிக் கோப்பையோடு. எனக்கு இதில் வசனம் கிடையாது.

தவமணி: அண்ணை, ஒருக்கா இஞ்ச வாங்கோ. இதை மணந்து பார்த்துச் சொல்லுங்கோ.

மரியநாதன்: என்ன, கருவாடு பழுதாகிவிட்டதோ?

தவமணி: கருவாடா! கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பின சென்ட். ஐம்பது மில்லி. அம்பர் மணமாம்.

(வலை ஊசி அந்தரத்தில் நின்றது.)

மரியநாதன்: என்ன மணம்?

தவமணி: அம்பர்.

மரியநாதன்: (குரலைத் தாழ்த்தி) சத்தம் போடாதே பிள்ளை. முதலில் கேற்றைச் சாத்து.

தவமணி: ஏன் அண்ணை?

மரியநாதன்: அம்பர் என்றால் என்னவென்று தெரியுமா உனக்கு? பெட்டி மாதிரித் தலை வைத்த திமிங்கிலம் இருக்கிறதே, அதன் குடலில் விளைகிற சாமான். அது கணவாயை விழுங்கும். கணவாயின் சொண்டு செமிக்காது. அந்தச் சொண்டைச் சுற்றி மெழுகு மாதிரி ஒன்று கட்டி, வெளியே வந்து, கடலில் மிதக்கும். முப்பது வருஷமாகத் தேடுகிறேன். இதுவரைக்கும் எனக்குக் கிடைத்தது இரண்டு கட்டி பழைய சவர்க்காரம்.

தவமணி: இது திமிங்கிலத்தின் சாமான் இல்லையாம். மச்சாளின் மகள் வட்ஸ்அப்பில் விளக்கமாகப் போட்டிருக்கிறாள். சென்ட் செய்கிறவர்களுக்கு அம்பர் என்றால் ஒரு கலவையாம். லாப்டனம் என்று ஒரு செடியின் பிசின், வனிலா, அப்புறம் பென்சோயின் என்று இன்னொரு பிசின்.

மரியநாதன்: மோதிரத்தில் மஞ்சளாக ஒரு கல்லுப் பதிப்பார்களே, அதையும் அம்பர் என்றுதானே சொல்கிறது?

தவமணி: அதுவும் இல்லை. அது பழங்காலத்து மரப்பிசின் இறுகிக் கல்லாகிப் போனது. சும்மா மணந்தால் அதில் ஒன்றும் வராது.

மரியநாதன்: ஆக, திமிங்கிலமும் இல்லை, கல்லும் இல்லை, பேர் மட்டும் அம்பர். நண்டுக் குழம்பென்று சொல்லிக் காலை மட்டும் போட்டுத் தருகிற கடை மாதிரி. சரி, கேற்றைத் திறந்து விடு, காற்றாவது வரட்டும்.

தவமணி: கையை நீட்டுங்கோ. (விசுக், விசுக்.) மணிக்கட்டை உரசாதீங்கோ! உரசினால் மேல் மணம் கெட்டுவிடுமாம்.

மரியநாதன்: மேல் மணமா?

தவமணி: ஓம். மூன்று தட்டு இருக்காம். மேல் மணம் கொஞ்ச நேரத்தில் போய்விடும். பிறகு நடு மணம். கடைசியில்தான் அடி மணம். சந்தனம், தேவதாரு, அம்பர் எல்லாம் அடியில்தான். மணிக்கணக்கில் நிற்குமாம். தோளில் கிடக்கிற துவாயைக் காட்டுங்கோ, துணியில் இன்னும் கூட நிற்குமாம். (விசுக், விசுக், விசுக்.)

(அண்ணை கண்ணை மூடி ஒரு தரம் இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார்.)

மரியநாதன்: சாம்பிராணி.

தவமணி: யாரைப் பார்த்துச் சாம்பிராணி என்கிறீங்கள்?

மரியநாதன்: ஐயோ, உன்னை இல்லை பிள்ளை! சென்டைச் சொன்னேன். இது சாம்பிராணி மணம்.

தவமணி: நாலாயிரம் மைல் தாண்டி வந்த சாமானைப் போய்…

(உண்மையில் அதைவிட இரண்டு மடங்கு தூரம் வரும். ஆனால் கோபத்தில் இருக்கிற அக்காவைத் திருத்துகிற ஆள் நான் இல்லை. அவர் போனைத் தட்டினார். கனடாவில் அப்போது நடுச்சாமம் கழிந்திருக்கும். அந்தப் பெண் தூங்கவில்லை போல, உடனே பதில் வந்தது. அக்காவின் முகம் மாறிவிட்டது.)

மரியநாதன்: என்னவாம்?

தவமணி: பென்சோயின் என்றால்… சாம்பிராணிதானாம். சுமாத்திராவிலும் லாவோஸிலும் மரத்தைக் கீறி எடுக்கிற பிசினாம்.

மரியநாதன்: பார்த்தாயா! குழந்தைக்குத் தலை முழுக வார்த்துவிட்டுப் பிடிக்கிற புகையைப் போத்தலில் அடைத்து உனக்கே அனுப்பியிருக்கிறாள். நீ வெள்ளிக்கிழமை காளி கோயில் வாசலில் நின்றிருந்தால் சும்மா கிடைத்திருக்கும்.

தவமணி: இப்போதுதான் எனக்கு நேற்று நடந்தது விளங்குகிறது.

மரியநாதன்: நேற்று என்ன?

தவமணி: கல்யாண வீட்டுக்குக் கழுத்தில் நாலு, சாறியில் நாலு அடித்துக்கொண்டு போனேன். நல்ல மத்தியானம். இரண்டு பக்கத்துக் கதிரையும் காலி. பின்னாலிருந்த ஒரு ஆச்சி கண்ணை மூடிக்கொண்டே என்னைக் கும்பிட்டா. அப்புறம் மெல்லத் தோளைத் தட்டி, "பிள்ளை, திருநீறு எங்கே கொடுக்கிறார்கள்?" என்று கேட்டா.

(இந்த இடத்தில் என் தேத்தண்ணி மூக்கு வழியாக வந்தது.)

மரியநாதன்: ஏன் எட்டுத் தரம் அடித்தாய்?

தவமணி: மச்சாள் அங்கே அப்படித்தானாம் அடிக்கிறா. இது குளிர்காலத்துச் சென்ட் அண்ணை. அங்கே மைனஸ் பத்தில் மணம் தோலை விட்டு எழும்பவே பஞ்சிப்படும். கம்பளிச் சால்வைக்குள் பதுங்கிக் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருமாம். ஆளுக்கே ஒரு கதகதப்பாக இருக்குமாம். இங்கே அடித்தால், சூட்டுக்கு எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பிவிடுகிறது.

மரியநாதன்: அதுதான் என் நாய் எழும்பி அடுத்த வளவுக்குப் போய்விட்டது.

தவமணி: மார்கழி வரட்டும். விடியப்புறம் திருவெம்பாவைக்குப் போகும்போது பூசுவேன்.

மரியநாதன்: மார்கழியில் எங்களுக்கு வருவது மழை, குளிர் இல்லை. குடையைப் பிடிப்பாயா, சென்டைப் பிடிப்பாயா? எங்கள் ஊரில் கிணற்றுத் தண்ணியே சுடுகிறது பிள்ளை. கன்னியாவில் ஏழு கிணறு, ஏழும் வெந்நீர். இந்த ஊருக்குக் குளிர்காலச் சென்ட் அனுப்பியிருக்கிறாள் உன் மச்சாள்!

தவமணி: நுவரெலியாவுக்குப் போனால்?

மரியநாதன்: 1,800 மீற்றருக்கு மேலே ஏறி, இரண்டு தரம் விசுக் விசுக் என்று அடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் இறங்கி வரப்போகிறாயா? அதைவிட வங்கிக்குப் போ. நல்ல ஏசி.

தவமணி: அங்கே அடகு நகை கிடக்கிறது அண்ணை. உள்ளே போனாலே வேர்க்கும்.

மரியநாதன்: இப்போது போத்தலை எங்கே வைத்திருக்கிறாய்?

தவமணி: வெயிலும் வெளிச்சமும் படக்கூடாது என்றாள். அலுமாரியில், கல்யாணச் சாறிக்கு அடியில். சரி, நீங்கள் மீனுக்கு ஐஸ் போடப் போகவில்லையா?

மரியநாதன்: மறந்தே போனேன்!

(துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாடிப் பக்கம் ஓடினார். அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த நாள் காலை 8 மணிக்கு அண்ணை வேலியோரம் வந்து நின்ற நிலையைப் பார்த்ததும், இன்னொரு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.)

தவமணி: ஏலம் எப்படி?

மரியநாதன்: கேட்காதே. நேற்று றெஜிபோம் பெட்டியில் சூரையை அடுக்கி, ஐஸ் போட்டு, மேலே இந்தத் துவாயால் மூடினேன். விடிய ஏலத்தில் மூடியைத் திறக்கிறேன், குபீரென்று சந்தனம்! வாங்க வந்தவன் ஒரு சூரையைத் தூக்கி மணந்து பார்க்கிறான். செவுளைப் பார்க்கிறான். என்னைப் பார்க்கிறான். "அண்ணை, மீனுக்குப் பூசை வைத்தீங்களா?" என்கிறான்.

தவமணி: அப்படியென்றால், ராத்திரி முழுக்க நின்றிருக்கிறது!

மரியநாதன்: நின்றது, நின்றது. இப்பவும் நிற்கிறது.

தவமணி: மச்சாள் சொன்னது சரிதான் அண்ணை. துணியிலும் குளிரிலும் நிற்கும் என்றா.

மரியநாதன்: உன் மச்சாளுக்குச் சரி. எனக்குக் கிலோவுக்கு நூறு ரூபா குறைத்துவிட்டான். முப்பது வருஷம் அம்பரைத் தேடினேன். அது கையில் பட்ட முதல் நாளே நட்டம்.

தவமணி: (கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு) மிச்சம் ஏதும் இருக்கா? மத்தியானக் குழம்புக்கு.

மரியநாதன்: ஒரு சூரை இருக்கு. கொண்டு போ. மிளகாய்த்தூள் போடு, பழப்புளி கரைத்து விடு. வாசத்துக்கு மட்டும் ஒன்றும் போட்டுவிடாதே.